பொறுப்புப் பதிவாளர்

என் முதல் விசாவில் அச்சடித்திருந்தது:
'இல்லத்தரசி. வேலை செய்ய அனுமதியில்லை.'
சோஹாரில் வந்து இறங்கிய அன்று
அதைப் படிக்கவில்லை நான்,
அவ்வளவு வெயில்.

பிறகு ஒரு செமஸ்டர், மணிக்கணக்குச் சம்பளத்துக்குப்
புள்ளியியல் ஆய்வகம்.
கால அட்டவணை போடுகிறவர் ஹஜ்ஜுக்குப் போனார்,
நான் போட்டேன்.
தேர்வு அலுவலர் பிள்ளைப்பேறுக்குப் போனாள்,
அதையும் சேர்த்துப் பார்த்தேன்.
பதிவாளர் ஒருநாள் மேசையை அப்படியே விட்டுவிட்டு
டப்ளினுக்கு விமானம் ஏறினார்.
டிராயரில் பாதி தின்ற சாக்லேட்,
பக்கத்தில் பல்கலைக்கழக முத்திரை.

யாரோ எழுந்துபோன சூடு ஆறாத நாற்காலிகள்,
நான் ஏறி வந்த படிகள் அவைதாம்.

நாலு வருடம் 'பொறுப்பு'.
தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான் காதில் விழுந்தது:
அந்தச் சொல்லே
'பொறு' என்றுதான் தொடங்குகிறது.

நேற்று மாலை கடிதம் வந்தது.
அந்தச் சொல்லைத் தேடினேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினேன்.
இல்லை.

இன்று காலை முதல் சான்றிதழ்.
ஷம்ஸா பின்த் கல்ஃபான், இயந்திரப் பொறியியல்.
கை பழக்கத்தில் எழுதிவிட்டது
'பதிவாளருக்காக' என்று.
அடியில் என் கையெழுத்து.

பஷீர் சிரிக்காமல்
புதுத் தாள் எடுத்து வந்தான்.
கெட்டுப்போன சான்றிதழை உடனே கிழித்துவிட வேண்டும்,
அப்படியொரு விதி இருக்கிறது.
எழுதியது நான்தான், பொறுப்பில் இருந்தபோது.

டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன்.