மல்லாந்த அலமாரி

ஆமையை மல்லாத்தினால் தவிக்கும்.
அலமாரியை மல்லாத்தினால் வீடாகும்.
அல்டோனிஸ் இதைக் கண்டுபிடித்தது நவம்பரில்,
டாகாவ்பில்ஸ் டிராம் பணிமனைக்குப் பின்னால்
யாரோ வீசிய புத்தக அலமாரியை
மூன்று மாடி தோளில் ஏற்றிய இரவில்.

தட்டுகளைக் கழற்றினார்.
அடியில் பழைய குளியலறைத் திரை,
மேலே தோட்ட மண்ணும் ஆற்று மணலும்,
பிடித்தால் உருண்டு விட்டால் உதிரும் பதத்தில்.
விரிந்த பூந்தொட்டி குப்புறப் படுத்துக் குகையானது.
வெயில் காய ஒரு கூரை ஓடு.
எல்லாம் சேர்த்து நாலு யூரோ.
புற ஊதா விளக்குக்கு மட்டும் முப்பத்தெட்டு.
சூரியனில் மலிவுப் பதிப்பு இல்லை என்றாள் கடைக்காரி.

விஸ்மா அயர்லாந்துக்குக் காளான் பறிக்கப் போனபோது
அப்பாவிடம் விட்டுப்போனவை இரண்டும்.
அவள் வைத்த பெயர்கள் வாயில் நுழையவில்லை;
பெரிசு, சிறிசு.

முன்பக்கம் கண்ணாடி வைத்தது தப்பு.
பெரிசு முட்டியது. மறுநாளும். அதற்கு மறுநாளும்.
தெரிகிற இடத்துக்கு
ஏன் போக முடியவில்லை என்று
டொக், டொக்.
விடிகாலை எழுந்தவர்
காலாவதியான டிராம் கால அட்டவணையை
அதன் கண்மட்டத்துக்கு ஒட்டினார்.
நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, கைபேசியில் விஸ்மா.
"அதுங்களைக் காட்டுங்கப்பா."
காட்டினார்.
விளக்கடியில் கால் பரப்பிக் கிடந்தது சிறிசு.
கூப்பிடுகிற மாதிரி
அங்கிருந்து திரையைத் தட்டினாள்,
டொக், டொக்.

அட்டவணையின் மூலை ஒன்று பிரிந்திருந்தது.
அவர் அதையே
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.