மரம் எண் 212

ஏப்ரலில் அளந்தோம்.
அதனால் அறிக்கையில்
'நீர்நிலைகள்: இல்லை'.

உளுந்து பிடுங்கிய வயல், வெடித்த களிமண்,
வரிசையாய்ப் பனைகள், ஓர் இலுப்பை.
மரங்களுக்கு மஞ்சள் பெயின்டில் எண் போட்டவன் நான்.
வெயில் தாங்காமல் குந்தியபடியே எழுதியதால்
இலுப்பைக்கு மட்டும் முழங்கால் உயரத்தில்
212.

கருத்துக் கேட்புக் கூட்டம்
மன்னார்குடிக் கல்யாண மண்டபத்தில்.
நேற்றைய மணமக்களின் பெயர்
தெர்மாகோலில் பாதி உரிந்து தொங்கியது.
சென்டுக்கு என்ன விலை என்றார்கள்,
பஸ் நிற்குமா என்றார்கள்.
லஸ்கர் பக்கிரிசாமி மைக்கைத் தட்டிப் பார்த்தார்:
"தண்ணி மேற்கேருந்து கெழக்க போவுது.
ரோடு வடக்கேருந்து தெக்க வருது.
ரெண்டும் எங்கங்க சந்திச்சுக்கும்?"

பொறியாளர் வரைபடத்தை ஒருமுறை சுழற்றினார்.
ஒன்பது குழாய்கள், ஒரு மீட்டர் விட்டம்.
பக்கிரிசாமி விரலில் எதையோ எண்ணினார்,
பாதியில் விட்டு உட்கார்ந்தார்.
'வினாவுக்கு விடையளிக்கப்பட்டது'
என்று நான்தான் எழுதினேன்.

ஐப்பசியில் யாரும் அனுப்பாமல் போனேன்.
எல்லைக் கற்களைக் காணவில்லை.
வாய்க்கால் எது வயல் எதுவென்று
தண்ணீருக்கே தெரியாத மாதிரி
ஒரே திசையில் அவசரமாய் நகர்ந்துகொண்டிருந்தது.
இலுப்பையில் என் எழுத்து பாதி முங்கியிருந்தது.
கடைசி இரண்டின் வளைவில்
ஒரு நத்தை மேலேறிக்கொண்டிருந்தது.
பட்டியலில் நத்தை இல்லை.

சட்டைப்பையில் பேனா இருந்தது.
அறிக்கை அச்சாகி
நாலு மாதம்.