தோலுரிக்கும்போது

ஒடுகத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி
கோதண்டன் கொண்டுவந்தது ஒரு கிலோ மண்.
பால் பாக்கெட்டில் கட்டி, மேலே
"நாலாவது சால்" என்று பேனாவால் எழுதி.
கூடவே ஒரு திராட்சை இலை.
கைபோல் விரியவேண்டியது
விசிறியாய் மடிந்து
நரம்போரம் மஞ்சள் ஊறியிருந்தது.

"உரம் பத்தலையா மேடம்?"

பதில் சொல்கிற நாற்காலி என்னுடையதல்ல.
வாளியில் கரைத்து, கல் தங்கவிட்டு,
சல்லடைமேல் சல்லடையாய் வடிப்பதுதான்
பதினோரு வருஷமாய் என் வேலை.

ராத்திரி முழுக்க
புனலின் ரப்பர் கழுத்தைக் கிளிப் நெரித்திருந்தது.
காலையில் ஒரு சொட்டு.
லென்ஸுக்கு அடியில்
துவைத்த துணியிலிருந்து பிரிந்த நூல்போல
மெதுவாகத் திரும்பியது அது.
கண் கிடையாது.
வாய்க்குள் ஒரு ஊசி.
மற்ற உடம்பெல்லாம்
அந்த ஊசியைச் சுமக்கத்தான் போல.

நாற்பத்தி மூன்று. ரிஜிஸ்டரில் எழுதினேன்.

மறுநாள் வந்தார். ஆபீசர் மீட்டிங்குக்குப் போயிருந்தார்.
இந்த ஆஸ்பத்திரி ஊரில்
ஊசியைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டாம்.
"ஒரே ஊசிய எல்லாருக்கும் போட்டா?" என்றேன்.
தலையாட்டினார்.
நோய்கண்ட வேரில் குத்தும், உறிஞ்சும்,
அடுத்த வேருக்குப் போகும்.
தொண்டையில் வைரஸ்
வாடகை தராமல் குந்தியிருக்கும்.
புழுவுக்கு ஒரு தும்மல்கூட வராது.

"அது செத்தாத்தான் போவுமா?"

சாகவே வேண்டாம்.
தோலுரிக்கும்போது தொண்டையின் உள்சட்டையும் கழன்றுவிடும்,
வைரஸும் அதோடு.
புழு சுத்தமாய் வெளியே வரும்.

முதல் தடவையாகச் சிரித்தார்.
"அப்ப இன்னாத்துக்கு மேடம் திரும்பத் திரும்ப வருது?"

மூன்று வருஷம் முன்பு
பழைய கொடியைத் தரையோடு அறுத்துவிட்டு
அதே குழியோரம் புதுக்கன்று நட்டாரே,
அடியில் பழைய வேர் இருக்கிறது.
தலை போனது தெரியாமல்
இன்னும் உயிரோடு,
சுத்தமான புழுக்களுக்கு
நோயைப் பரிமாறிக்கொண்டு.

"தோண்டி எடுக்க
ஆளுக்கு எழுநூறு கேட்டான்" என்றார்.
பிறகு வெகுநேரம்
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.
அங்கே ஒரு மின்கம்பம்தான் இருக்கிறது.

போகும்போது வாசல் குழாயைத் திறந்து
செருப்பைக் கழற்றினார்.
ஈர்க்குச்சியால் அடிப்பள்ளங்களில் ஒட்டிய மண்ணை
ஒவ்வொன்றாய் நெம்பி எடுத்தார்.
"பக்கத்துக் கொல்லை மச்சானுது.
இந்த வருஷம் அவனும் திராட்சை வச்சிக்கிறான்.
மோட்டார் போட நான்தான் போவேன்."

செம்மண் தண்ணீர்
எங்கள் வேலியோரம் வளைந்து
கனகாம்பரப் பாத்தியைத் தேடிப் போனது.
குழாயை அவர் மூடும்வரை
பார்த்துக்கொண்டே நின்றேன்.