மறுகால்

பன்னிரண்டாயிரம் கடன் வாங்கியவன்
பணத்துக்குப் பதில் ஒரு சினைக்குதிரையை
எடைமேடைக் கம்பியில் கட்டிவிட்டுப் போனான்.
பந்தயத்தில் என்றைக்கும் கடைசியாக வந்த மட்டக்குதிரை.
"இதை எங்க கொண்டு வைக்க" என்றார் வீட்டுக்காரர்.
கார்த்திகையில், நாங்குநேரிப் பெரியகுளம்
மறுகால் பாய்ந்த ராத்திரி, ஈன்றது.
குட்டிக்குப் பேர் தேடவில்லை.

பிறந்தபோது சாதாரணச் செவலைதான்.
நாலாம் மாதம் குட்டிமுடி உதிர்ந்து
உள்ளிருந்து வேறொன்று வந்தது:
கருப்பட்டிக் காப்பியில் பாலை ஊற்றிக்
கலக்காமல் வைத்த அந்தக் கணம்.
பிடரியும் வாலும்
பனங்குருத்தை உரித்தால் உள்ளே இருக்குமே, அது.
லாரிக்காரர்கள் சீட்டு வாங்கிய பிறகும்
நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.
ஒருத்தன் மட்டும் கேட்டான்,
"எக்கா, இது சீக்கா?"

மூன்றாம் தை. பாளையங்கோட்டையில் கால்நடைக் காட்சி.
குட்டியானை வாடகை ஆயிரத்து எண்ணூறு.
யானைமேல் ஏறமாட்டேன் என்றது குதிரை.
முன்னால் தவிட்டுச் சட்டி,
பின்னால் நானும் டிரைவர் சங்கிலிபூதமும்.

மேசையில் இருந்த பையன் படிவம் நிரப்பினான்.
இனம்? நாட்டு மட்டம்.
உயரம்? நூற்றிருபது.
நிறம்?
கறுப்பு, வெள்ளை, செவலை, சாம்பல்.
நாலே கட்டம்.
பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு
குதிரையைப் பார்த்தான்.
குதிரை அவன் டீயைப் பார்த்தது.
"நீங்களே சொல்லுங்கக்கா."
பதினோரு வருசமாக எதையும்
எண்ணாகத்தான் சொல்லிப் பழக்கம் எனக்கு.

மேலப்பாளையத்துச் செய்யதலி பாய்
மூன்று கல்யாணக் குதிரைகளோடு வந்திருந்தார்.
சுற்றி வந்தார். நெற்றிச் சுழி பார்த்தார்,
முதுகில் விரல் வைத்துச் சுழி தேடினார்,
குற்றம் ஒன்றும் கிடைக்காமல்
"டை" என்றார். ஒரே சொல்.
அது மைதானத்தை எனக்கு முன்னால் சுற்றி முடித்தது.
முன்பின் தெரியாத ஒருவர் என் கையைத் திருப்பி
நகக்கண்ணில் சாயம் இருக்கிறதா என்று பார்த்தார்.

டாக்டரம்மா வந்தார். கழுத்தில் அட்டை: செண்பகவல்லி.
பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து
விலாவில் அழுத்தி ஒரு இழுப்பு.
பஞ்சு சிவப்பு.

கூட்டம் "ஆங்" என்றது.
விடியற்காலம் பம்புசெட்டில் நான்தானே குளிப்பாட்டினேன்.
எனக்கே ஒரு நிமிசம்
என்மேல் சந்தேகம் வந்தது.

அவர் பஞ்சை மோந்து பார்த்தார்.
குனிந்து தரையைத் தொட்டு விரலை நக்கினார்,
சத்தியமாக நக்கினார்.
"இது இந்த மைதானத்து மண்ணு.
குதிரை புரண்டிருக்கு."
இன்னொரு பஞ்சு எடுத்தார்.
அது வெள்ளையாகவே வந்தது.
மூன்றாவதும்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மறுகால் ஒரு கால் மாற்றி நின்று
கொட்டாவி விட்டது.

முதல் பரிசு பாயின் வெள்ளைக்கு.
அதன் வால் நுனியில் மருதாணி,
அதை யாரும் துடைத்துப் பார்க்கவில்லை.
எனக்கு ஒரு எவர்சில்வர் வாளி.
சான்றிதழில், நிறம்: மற்றவை.

வண்டியில் ஏற்றும்போது பாய் வந்தார்.
"தங்கச்சி, வாய் தவறிட்டு. நாப்பதாயிரம்."
"மாப்பிள்ளமாரு இதுல ஏறுவாங்களா?"
"அவங்களுக்கு வெள்ளதான். இது எனக்கு."
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
யாரிடம் கேட்க என்று
மூன்றடைப்பு தாண்டியும் தெரியவில்லை.

ராத்திரி இறக்கியபோது நாற்கரச் சாலை விளக்கில்
அதற்கு நிறமே இல்லை,
எனக்கும் இல்லை.
நேரே மேடையில் ஏறி நின்றுகொண்டது.
பகல் வெயில் இன்னும் மிச்சமிருக்கும் இரும்பு.
பழக்கத்தில் சீட்டு எடுத்தேன்.
வண்டி எண்: இல்லை. சரக்கு: இல்லை.
எடைக்கு நேரே பேனாவை வைத்துக் காத்திருந்தேன்.
அது கால் மாற்ற மாற்ற
இருநூற்றுப் பத்து,
இருநூறு,
இருநூற்றுப் பத்து.