கழுத்துக் கோடு

வெந்நீரில் மூன்று நிமிடம்.
பொம்மையின் கழுத்து இளகிவிடும்.
திருகி இழுத்தால் சின்னதாய் ஒரு சத்தம்,
தலை உள்ளங்கையில்.
தகப்பன் சொல்லுக்குக் கோடரி தூக்கியவனுக்கு
இத்தனை சுலபமாய் இருந்ததா, தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டில்
முள்ளங்கிக் கட்டுக்கும் கருவாட்டுக்கும் நடுவில்
தார்ப்பாயில் கிடந்தார்கள் இருவரும்.
ஒன்று பத்து ராண்ட், இரண்டாய் எடுத்தால் பதினைந்து.
வெளுத்தவளுக்குப் பொன்முடி, பழகின சிரிப்பு.
கறுத்தவளுக்கு இடது கையில் நாயின் பல்தடம்.
ஒரே பையில் போட்டு
சாட்ஸ்வொர்த் டாக்சியில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பகலில் அச்சுக்கடையில் வேலை எனக்கு.
கல்யாணப் பத்திரிகை, பதினாறாம் நாள் அட்டை,
பள்ளிக்கூடக் கால்பந்துக் குழுவுக்குப் பேனர்.
ஐந்துக்கு மேல் பெரிய பிரிண்டர் என் வசம்.
மை மட்டும் என் காசு.
முதலாளி பாதயாச்சி சொட்டுக் கணக்கு வைத்திருப்பார்.

இதுவரை கல்லானவளைச் செய்தேன்,
தீயில் இறங்கினவளைச் செய்தேன்
(அதில் என் புருவம் கொஞ்சம் கருகியது).
இது ரேணுகையின் முறை.

பச்சை மணலில் குடம் வனைந்து
தினமும் நீர் சுமந்தவள்.
ஆற்றில் விழுந்த ஒருவன் நிழலைப் பார்த்தாள்.
குடம் கரைந்தது.
வெட்ட வந்த மகனிடமிருந்து ஓடி
சேரியில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டாள்,
அவளும் விடாமல் கட்டிக்கொண்டாள்.
ஒரே வீச்சு.
பிழைக்க வைக்க வரம் கிடைத்த அவசரத்தில்
தலைகளை மாற்றி ஒட்டிவிட்டான் பிள்ளை.

நானும் ஒட்டினேன்:
வெள்ளைத் தலை, கறுப்பு உடல்.
பத்திரிகை மாதிரியில் மிஞ்சின தங்கத்தாளில் சேலை,
உம்லாட்டுசானா ஆற்று மணல் காலடியில்.
இருபத்தேழு படம் எடுத்ததில் ஒன்று தேறியது.

திரையில் பெரிதாக்கினால்
கழுத்தில் இரண்டு நிறம் முட்டிக்கொண்டு நிற்கிறது.
"லேசா இழைச்சு விட்டுடேன், தெரியாது"
என்றார் முன்பணம் கொடுத்திருந்த திருமதி வனேஸ்பரி மூட்லி.
ஒரு தேய்ப்பில் போய்விடும்தான்.
தேய்க்கவில்லை.

எட்டு மணிக்கு அச்சு தொடங்கியது.
நெற்றி வந்தது, கண் வந்தது, சிரிப்பு வந்தது,
கழுத்து வந்த இடத்தில் மின்சாரம் போனது.
லோட்ஷெடிங் அட்டவணையை
நான் பார்த்திருக்க வேண்டும்.

நோம்தன்தாசோ லாமினேஷன் மெஷினை மூடிவிட்டு
கைபேசி விளக்கைப் பிடித்தாள்.
பாதித் தாளில் பாதிப் பெண்.
கதை கேட்டாள். சொன்னேன்.
கடைசிவரை கேட்டுவிட்டு,
"சரி, மற்றவள்?
அவள் பேரென்ன?"

கதையில் அவளுக்குச் சாதிப்பெயர்தான் இருந்தது.
அதை நான் அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தோம்.
பட்டன்களோடும் ஊசிகளோடும்
மற்றவளின் தலை கிடந்தது, கண் மூடாமல்.
கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தோம்.
வெளுத்த உடலில் அவள்தான் அழுத்திப் பொருத்தினாள்,
தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம்
கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
தங்கத்தாள் தீர்ந்துபோயிருந்தது.
மைப்பெட்டி சுற்றி வந்த பழுப்புத்தாளைக் கட்டினோம்.
கைபேசி வெளிச்சத்திலேயே படம்.

பத்தரைக்கு மின்சாரம் வந்தது.
கறுப்பு மை தீர்ந்துவிட்டது என்றது பிரிண்டர்,
மற்ற மூன்று நிறத்தையும் கலந்து கறுப்பாக்கவா என்று கேட்டது.
ஆக்கு என்றேன்.
மழைக்கு முந்தைய மேகம்போல்
நீலம் ஓடின ஒரு கறுப்பு முகம் வந்தது.

முதல் படத்தைக் கோட்டோடு வாங்கிப்போனார் திருமதி மூட்லி.
அடியில் அச்சான 'ரேணுகை'யில்
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்;
அந்த எழுத்துரு எப்போதும் அப்படித்தான் சொதப்பும்.

இரண்டாவது லாமினேஷன் மெஷினுக்கு மேலே தொங்குகிறது.
பெயருக்கு விட்ட இடத்தில்
பென்சிலால் எழுதியிருக்கிறாள் நோம்தன்தாசோ.
யார் பேர் என்று கேட்கவில்லை,
எப்படிச் சொல்வது என்றுதான் கேட்டேன்.
நடுவில் நாக்கு ஒருமுறை
அண்ணத்திலிருந்து சொடுக்கி விடுபட வேண்டுமாம்,
இளகின கழுத்து விடுபடும் அதே சத்தத்தில்.

தினமும் மெஷின் சூடாகும்வரை சொல்லிப் பார்க்கிறேன்.
அவள் சிரிக்கிறாள்.
இன்னும் வரவில்லை.