வந்த காரணம்

லாட்ஜ் பேரேட்டில் ஐந்தாவது கட்டம்: வந்த காரணம்.
மருந்து விற்க, கோர்ட்டுக்கு, கல்யாணம், பரீட்சை.
முகத்தைப் பார்த்து நானே நிரப்பிவிடுவேன்.
மாதம்மாள், பென்னாகரம், கூட ஒரு பையன்.
பேனாவை வாங்கி அவளே எழுதினாள்:
சுற்றுலா.

கடலூருக்கு யாரும் சுற்றுலா வருவதில்லை.
பாண்டிச்சேரி போகிற பஸ்ஸில் ஏறி
இங்கே தவறி இறங்கியவர்கள்கூட
அடுத்த பஸ் எப்போது என்றுதான் கேட்பார்கள்.
அவள் பையில் ஆதார் நகல் இரண்டு, ரொட்டி பாக்கெட்,
விலைச்சீட்டு கிழிக்காத லுங்கி.
கேப்பர் மலை ஜெயிலுக்கு
காலையிலேயே மனு கொடுக்கவேண்டும்.
நான் சொல்லவில்லை.

"இங்க என்ன பாக்கலாம்?" என்றான் பையன்.

பழைய பில்லைத் திருப்பிப்போட்டு வரைந்தேன்.
இது தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரை என்பார்கள்,
வெள்ளி கிடையாது, மணல்தான்.
நண்டு வறுவலுக்கு விலை கேட்டுவிட்டு உட்கார்.
முழங்காலுக்கு மேல் இறங்காதே, கரை சரியும்.
இது கெடிலம், ஆறா கழியா என்று அதற்கே குழப்பம்.
இது கோட்டை. கோட்டை என்றால் உடைந்த சுவர், முள், ஆடு.
வெள்ளைக்காரன் அதை வாங்கினபோது பீரங்கி வெடித்து
குண்டு விழுந்த இடம்வரை தன்னுடையது என்றானாம்.
"குண்டு எவ்ளோ தூரம் போச்சு?"
தெரியாது. நீ ஒரு கல் எறிந்து பார்.

முதுநகரில் துறைமுகம். காற்று திரும்பினால் கெமிக்கல் வாடை,
அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.
இது கரையேறவிட்டகுப்பம்.
ராஜா உத்தரவுப்படி ஒருத்தரைக் கல்லோடு கட்டிக்
கடலில் தள்ளினார்கள். மிதந்து வந்து இங்கே ஏறினார்.
"என்ன தப்பு செஞ்சார்?"
சாமியை மாற்றிக்கொண்டார்.
"அவ்ளோதானா?"

மாதம்மாள் சாவியை எண்ணிக்கொண்டிருந்தாள்.
இருப்பது ஒரே சாவி.
மேற்கே மலையை நான் வரையவில்லை.
"அதுலேர்ந்து கடல் தெரியுமாண்ணா?" என்றாள் மெதுவாக.
மேலிருந்து தெரியும். உள்ளிருந்து தெரியாது.

மறுநாள் மதியம் அறையைக் காலி செய்தார்கள்.
படியெல்லாம் மணல். பையன் கையில்
தண்ணீர் பாட்டில், பாதிக்குக் கீழே கலங்கல்.
கேட்டில் ஒரு மடக்கு குடித்துக் காட்டச் சொன்னாராம் காவலர்.
முகம் கோணாமல் குடித்தானாம்.
அப்புறம்தான் விட்டார்கள்.
கம்பிவலைக்கு அந்தப் பக்கம் எதையும் தரமுடியாது,
ஆட்டிக் காட்டினானாம்,
"இப்பிடித்தாம்ப்பா வருது, திரும்பத் திரும்ப."