ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு

பத்து ரூபாய் வில்லை ஒட்டி
செல்லூர்த் தபால் நிலையத்தில் பதிவு போட்டு
ஒரு மனு வந்திருக்கிறது.
அனுப்புநர்: மு. ஒச்சம்மாள், அகிம்சாபுரம்.
கேள்விகள் நான்கு.
அரிசி இருப்பு, கட்டட உறுதிச் சான்று, ஆசிரியர் பணியிடம்
மூன்றுக்கும் நகல் எடுத்து முத்திரை குத்தியாகிவிட்டது.
நான்காவது, அடித்து அடித்துத் திருத்தி எழுதியது:
ஏழாம் வகுப்பு ஆ பிரிவு எந்த அறையில் நடக்கிறது?

நான் இங்கே இளநிலை உதவியாளர்.
ஆ பிரிவு என் கையெழுத்தில் நடக்கிறது.

மொத்தம் முப்பத்தொரு பேர்.
எல்லோரும் இரண்டாம் வகுப்பில் பிறந்தவர்கள்.
தலை குறைந்தால் பணியிடம் போய்விடும், அரசு உதவியும் போய்விடும்,
ஒரு வருசத்துக்குத்தான் தவசி, என்றார் செயலர்.
கல்யாணப் பத்திரிகைகளில் கிடந்த பெயர்களைப் பொறுக்கினேன்.
அது தீர்ந்ததும் ரேசன் கடைப் பட்டியல்.
உயரம் போட்டேன், ரத்த வகை போட்டேன்,
பாதத்துக்கு அளவு போட்டேன்;
காலணி வந்தது, கட்டோடு போனது
பின்வாசலில் நின்ற குட்டி லாரியில்.
தினமும் வந்தால் சந்தேகம் வருமென்று
பெ. காசிமாயனுக்கு அம்மை போட்டு
ஒன்பது நாள் படுக்க வைத்தேன்.
வேப்பிலை ஒன்றுதான் நான் வாங்கவில்லை.

ஆய்வாளர் வந்த அன்று
அ பிரிவைப் பாதியாகப் பிரித்து
தையல் அறையில் உட்கார வைத்தோம்.
பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்லணும், அவ்வளவுதான்,
ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய்.

அன்று சாயங்காலம்
தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லியிருக்கிறான்
ஒச்சம்மாள் மகன்:
'யம்மா, இன்னைக்கு எம்பேரு காசிமாயன்.'

மேலாண்மைக் குழுவில் அவரும் உறுப்பினர்.
மூன்று கூட்டத்துக்கும் வெற்றுத் தாளில்
டீ ஆறுவதற்குள் கையெழுத்து வாங்கியவன் நான்.
நாலாவது கூட்டத்தில் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.
'மொதல்ல எழுதுங்க, பெறகு போடுறேன்.'
மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

செயலர் சொல்கிறார்,
'கோரிய தகவல் பராமரிக்கப்படவில்லை'னு அடிச்சு அனுப்பு.
அதைவிட நன்றாகப் பராமரிக்கப்பட்டது
இந்தக் கட்டடத்தில் வேறெதுவுமில்லை.
ஆறு வருசம், ஒரு நாளும் விட்டதில்லை,
பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள்கூட.

முப்பது நாள் கெடு. இன்று இருபத்தெட்டு.
மனுவுக்குப் பதில் இன்னும் அடிக்கவில்லை.
கோபுரம் காட்டும் ஜன்னலை, வெளிச்சத்துக்காக, திறந்தேன்.
ஓவிய வாத்தியாரிடம் சிவப்புப் பேனா கேட்டேன்.
எதுக்கு என்றார். தரலாமா என்றேன்.
பதிவேட்டில் முதல் பெயரிலிருந்து இறங்கினேன்:
வரவில்லை.
வரவில்லை.
காசிமாயன் கட்டத்தில் மை கொஞ்சம் ஊறிவிட்டது.
வரவில்லை.

பத்தரைக்குச் சமையலம்மா எட்டிப் பார்த்தார்,
சோத்துக்கு இன்னைக்கு எத்தனை பேரு சார்?
வழக்கமாகத் தலை நிமிராமலே சொல்லிவிடுவேன்.
இருங்கம்மா, என்று செருப்பை மாட்டினேன்,
எண்ணிட்டு வந்து சொல்றேன்.